பூட்டிக்கொண்ட வாயும் சொல்லாத பேரும்

எங்கள் ஊரில் எனக்கு வாயாடி என்று பேர். எதிர்வீட்டுக் கோழி என் கீரைப்பாத்தியைக் கிளறினால் போதும், நாலு வீட்டுக்குக் கேட்கும்படி பேசிவிட்டுத்தான் அடுப்பங்கரைக்குப் போவேன். அந்த வாய் ஒருநாள் பூட்டிக்கொண்டது. திருப்பதி ஆஸ்பத்திரியில் ஒரு இருட்டு அறையில், பல்லோடு பல் கிட்டித்து, ஒரு வாய் தண்ணீர் கேட்கக்கூட வழியில்லாமல் கிடந்தேன். சாமி கொடுத்த தண்டனை என்று ஊரில் இரண்டொருவர் சொன்னார்களாம். தண்டனை என்றால் மண்வெட்டியை ஓங்கினவனுக்கு அல்லவா வந்திருக்க வேண்டும்? சாமிக்கு ஆள் அடையாளம் தெரியாதா என்ன?

இப்போது நன்றாகச் சாப்பிடுகிறேன், பேசுகிறேன். குளிர்காலத்தில் மட்டும் தாடை கொஞ்சம் வலிக்கும். வெட்டுப்பட்டவர்களும் ஆளைப் பறிகொடுத்தவர்களும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, இனி என்ன என்று தெரியாமல் சுவரைப் பார்ப்பார்கள். அப்படி நானும் பார்த்தவள். அவர்களில் யாராவது ஒருவர் படித்தால் போதும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில். வீட்டில் தமிழ், சந்தையிலும் சர்க்கார் கச்சேரியிலும் தெலுங்கு. ஆந்திரா தனியாகப் பிரிந்த புதிது அது. எங்கள் பக்கம் எந்த ராஜ்ஜியத்துக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது.

என் மாமனாரும் அவருடைய அண்ணனும் பாகம் பிரித்து இரண்டு வீடாக இருந்தார்கள். அண்ணன் வீடு மேட்டில், எங்கள் வீடு பள்ளத்தில். அந்த அண்ணனை நான் பெரிய மாமா என்பேன். இருவருக்குமே தலைச்சன் பிள்ளை ஆண். இருவருமே விட்டுக்கொடுக்காமல் தங்கள் அப்பா பேரையே வைத்தார்கள். ஆக, எனக்கு மூத்தார் முறையான பெரிய மாமாவின் மூத்த மகனுக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே பேர். ஊரார் மேட்டு வீட்டார், பள்ளத்து வீட்டார் என்று பிரித்துக் கூப்பிட்டுச் சமாளித்துக்கொண்டார்கள்.

எங்கள் பக்கம் புருஷன் பேரைப் பெண்கள் வாயால் சொல்வதில்லை. சர்க்கார் ஆள் வந்து கேட்டால் பக்கத்தில் நிற்கிற யாரையாவது பார்ப்போம். அவர் எடுத்துச் சொல்வார், ஆள் எழுதிக்கொண்டு போவார். இதில் எனக்கு இரட்டைப் பூட்டு. வீட்டுக்காரர் பேரைச் சொல்ல முடியாது என்பதால் மேட்டு வீட்டு மூத்தாரின் பேரையும் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, ரயிலில் கொஞ்ச தூரம் போனால் வருகிற முருகன் மலை ஊரின் பேரிலும் அவர் பேர் பாதி ஒளிந்திருக்கிறது. அதனால் நான் அந்த ஊரை "மலையூரு" என்றுதான் சொல்வேன். அந்த ஊர் மதராசுக்கா ஆந்திராவுக்கா என்று தெருத்தெருவாகக் கோஷம் போட்ட காலம் அது. ஜில்லாவே கத்திக்கொண்டிருந்த பேரை வாயாடியான நான் ஒருத்திதான் சொல்லாமல் இருந்தேன்.

கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. மாடு கட்டிக் கவலை இறைத்து முறை வைத்துப் பாய்ச்சுவோம். அன்று எங்கள் முறை. மூத்தார் விடியுமுன்னே வந்து எங்கள் மடையை அடைத்துத் தன் கரும்புக்குத் திருப்பிவிட்டிருந்தார். என் வீட்டுக்காரர் மடையைத் திறக்கக் குனிந்தார். "கை வெச்சே, பொளந்துடுவேன்" என்றார் மூத்தார். "எம் மொறைக்கு நான் கை வெப்பேன்" என்று இவர் நிமிராமலே சொன்னார். அவ்வளவுதான் பேச்சு. மண்வெட்டி இவர் தலையில் விழுந்தது. நான் ஓடிப்போய்ப் பிடியைப் பிடித்தேன். இரண்டாவது வீச்சு என் இடது தோளில் இறங்கியது. மூத்தார் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கரும்புக்குள் ஓடிவிட்டார்.

சத்தம் கேட்டு வந்தவன் முருகேசன். பெரிய மாமாவின் இளைய மகன், எனக்குக் கொழுந்தன், கல்யாணம் ஆகாதவன். கவலை மாட்டை அவிழ்த்து வண்டியில் பூட்டி, எங்கள் இருவரையும் அவனேதான் தூக்கிப் போட்டான். சட்டை முழுக்க எங்கள் ரத்தம். தெருமுனையில் பெண்கள் வண்டியை நிறுத்தி, ரத்தம் நிற்கட்டும் என்று சாணிச் சாம்பலை என் தோளில் அப்பினார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள்.

"அண்ணி, கண்ண மூடாதீங்க. எதுனா பேசிக்கினே வாங்க" என்று முருகேசன் வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தான். என் மடியில்தான் அவர் தலை. புத்தூர் வருவதற்குள் அது கனத்துவிட்டது. யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

புத்தூரில் அவரை இறக்கினார்கள். என்னை ரயிலில் திருப்பதிக்குக் கொண்டுபோனார்கள். தோளைக் கழுவித் தையல் போட்டு, வலி தெரியாமல் இருக்க ஒரு ஊசியும் போட்டார்கள். அந்த ஊசி வலியோடு ஆளையும் சேர்த்துக் கிணற்றுக்குள் இறக்குவதுபோல் இறக்கும். அந்த மயக்கத்தில்தான் ஹெட் கான்ஸ்டபிள் வந்தார்.

"ஏம்மா, எவரு கொட்டிந்தி?" என்று, அடித்தது யார் எனத் தெலுங்கில் கேட்டார்.

"மேட்டு வூட்டுக்காரரு" என்றேன்.

"பேரு செப்பம்மா, பேரு."

கட்டிலின் தலைமாட்டில் பெரிய மாமா நின்றிருந்தார். நான் வழக்கப்படி அவரைப் பார்த்தேன். எத்தனையோ தடவை இப்படிப் பார்த்திருக்கிறேன், அவரும் எடுத்துச் சொல்லியிருக்கிறார். சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கையில் கண்ணை மூடினேன். அவர் என்ன சொன்னார் என்பது என் காதில் விழவில்லை.

அடுத்த சில நாட்கள் பொது வார்டில் கழிந்தன. ஊரிலிருந்து என் தம்பி ஏழுமலை வந்து கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுக்கொண்டான். அவனுக்குப் பேச வராது, செய்ய வரும். நான் அழுதால் அவன் எழுந்துபோய்ச் சுடுதண்ணீர் வாங்கி வருவான். நாளெல்லாம் சுடுதண்ணீர்தான். பக்கத்துக் கட்டிலில் காளஹஸ்தி அம்மாள் ஒருத்தி, "உன் தம்பி இந்த ஆஸ்பத்திரிக் கிணத்தையே காய வெச்சிடுவான்" என்பாள். அந்தத் துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஒரு காலை தம்பி கொடுத்த இட்லியைக் கடிக்க முடியவில்லை. தாடை இறுகியிருந்தது. ராவெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு அழுததால்தான் என்று நினைத்தேன். கழுத்தும் பலகைபோல் இருந்தது. தம்பி இட்லியைப் பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்.

"முருகேசன சித்தூர் ஜெயிலுக்கு இட்டுனு பூட்டாங்கக்கா. சட்டயெல்லாம் ரத்தமாமே. கூடவே கீறவன் இப்டி செய்வான்னு யாரு கண்டா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் இல்லை, அவன் இல்லை என்று கத்த வாயைத் திறந்தேன். திறக்கவில்லை. பல்லுக்கு நடுவிலிருந்து ம்ம், ம்ம் என்ற சத்தம்தான் வந்தது. "அயுவாதக்கா" என்று தம்பி கண்ணைத் துடைத்துவிட்டுச் சுடுதண்ணீர் வாங்க எழுந்தான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் வார்டு நர்ஸ் சுசீலா சிஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். கன்னத்தில் விரலால் மெல்லத் தட்டினாள். தாடை இன்னும் இறுகியது. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினாள்.

டாக்டரம்மா டெட்டனஸ் என்றார். நம் பக்கம் ரணஜன்னி என்பார்கள். மண்ணிலும் சாணியிலும் இருக்கிற ஒரு கிருமி காயத்தின் வழியாக உள்ளே போய் விஷம் கக்குமாம். அந்த விஷம் நரம்பைப் பிடித்துத் தசைகளை இறுக்கும். முதலில் தாடை, பிறகு கழுத்து, பிறகு முதுகு. மூச்சு விடுகிற தசை இறுகினால் ஆள் போய்விடும். எருக்கரைசல் பட்ட மண்வெட்டியா, தெருமுனைச் சாம்பலா, எதனால் வந்தது என்று அவராலும் சொல்ல முடியவில்லை. இதைப் படிக்கிறவர்கள் ஒன்றைச் செய்யுங்கள். மண்பட்ட காயம் என்றால் சாம்பலைத் தேடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

என்னைத் தனி அறைக்கு மாற்றினார்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. வெளிச்சம் பட்டால் இழுக்கும், கதவு கிறீச்சிட்டால் இழுக்கும், கரண்டி விழுந்தால் இழுக்கும். இழுக்கும்போது உடம்பு வில்லாக வளைந்து குதிகாலும் பின்தலையும் மட்டும் கட்டிலில் நிற்கும். எலும்பை யாரோ முறித்துப் பார்ப்பதுபோல் இருக்கும். விஷத்தை முறிக்கக் குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். மூக்கு வழியாக ரப்பர் குழாய் விட்டுக் கஞ்சித் தண்ணீர் ஊற்றினார்கள். அந்த மருந்து சில சமயம் ஆஸ்பத்திரியில் கிடைக்காது, வெளியே வாங்கிவரச் சொல்வார்கள். தம்பி தன் கறவை மாட்டை விற்ற கதை எனக்கு மாசங்கள் கழித்துத்தான் தெரிந்தது.

இதில் கொடுமை என்னவென்றால் புத்தி மட்டும் தெளிவாக இருக்கும். இழுப்பு வந்தால் மயக்கமாவது வருமா என்றால் வராது. எல்லாம் தெரியும், எல்லாம் கேட்கும். இன்னொரு கொடுமையும் உண்டு. முகத்துத் தசை இறுகி உதடு பின்னால் இழுத்துக்கொள்ளும். பார்க்கிறவர்களுக்குப் பல்லைக் காட்டிச் சிரிப்பதுபோல் இருக்கும். புருஷனைப் பறிகொடுத்தவள் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டு படுத்திருந்தேன். பெரிய மாமா கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய் ஊரில் சொன்னாராம்: "பாவம், மூள கலங்கிடுச்சி. தாலி போயி சிரிச்சிக்கினு கீது." அந்தப் பேச்சு அவருக்கு வசதியாகவும் போய்விட்டது. நான் பிழைத்து எது சொன்னாலும் பைத்தியத்தின் பேச்சாகிவிடும் அல்லவா?

பிழைப்பேன் என்று டாக்டரம்மாவுக்கே நம்பிக்கை இல்லை. மரண வாக்குமூலம் வாங்க மாஜிஸ்திரேட்டை வரவழைத்தார். பூட்ஸ் சத்தம் கேட்கக்கூடாது என்று சிஸ்டர் அவரை வெறுங்காலோடு வரவைத்தாள். பெரிய மனிதர்தான், மறுபேச்சுப் பேசவில்லை. "ஆமென்றால் ஒரு விரல், இல்லையென்றால் இரண்டு விரல்" என்று சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அடித்தது முருகேசனா?"

வலது கையில் இரண்டு விரலை நீட்டினேன். அந்த இரண்டு விரலுக்காக உடம்பில் இருந்த பலமெல்லாம் செலவானது.

"அப்படியானால் யார்? அந்த வீட்டில் இன்னொரு..."

வெளியே யாரோ வாளியைக் கீழே போட்டார்கள். எனக்கு இழுத்துக்கொண்டது. டாக்டரம்மா எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டார். வலிப்புக்கு நடுவில் ஆடிய விரலை எப்படி நம்புவது என்று மாஜிஸ்திரேட் கதவுக்கு வெளியே சொன்னதைக் கேட்டேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அதுவரை சாகத்தான் நினைத்திருந்தேன், மறைக்க என்ன இருக்கிறது. புருஷன் போன பிறகு எனக்கென்ன வாழ்வு என்றுதான் கிடந்தேன். அந்த வாளிச் சத்தத்துக்குப் பிறகு நினைப்பு மாறியது. என்னைத் தூக்கிக்கொண்டு வந்தவன் தூக்கில் தொங்க, என் வீட்டுக்காரரைக் கொன்றவர் எங்கள் முறைத் தண்ணீரையும் சேர்த்துப் பாய்ச்சிக்கொண்டிருப்பதா? சாக மாட்டேன். வாயைத் திறந்து சொல்லாமல் இந்தக் கட்டிலில் சாகவே மாட்டேன். ஒவ்வொரு இழுப்புக்கும் இதையே நினைத்துக்கொண்டேன். இதுவும் போகும், அடுத்ததும் போகும், நான் மட்டும் போக மாட்டேன்.

கங்கம்மா ஜாத்திரை என்ற அம்மன் திருவிழா வந்தது. திருப்பதியில் அந்த ஒரு வாரம் தெருவெல்லாம் வேஷம், ஊரெல்லாம் பம்பை மேளம். தூரத்தில் பம்பைச் சத்தம் கேட்டாலே என் முதுகு வளையத் தொடங்கியது. ஒரு சாயங்காலம் ஊர்வலம் எங்கள் தெருப்பக்கம் திரும்பிவிட்டது. சிஸ்டர் என் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக் கையால் பொத்திக்கொண்டாள். சத்தம் கிட்டே வந்தது, வந்தது, சட்டென்று நின்றுவிட்டது.

நடந்ததைப் பிறகு சிஸ்டர்தான் சொன்னாள். பேச வராத என் தம்பி ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே ஓடி, பம்பைக்காரர்கள் முன்னால் தெருவில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டான். "அக்காக்கு ரணஜன்னி சாமி. மோளம் அடிச்சா செத்துப்பூடும்" என்று தமிழிலேயே கத்தினானாம். புடவை கட்டி வேஷம் போட்டிருந்த மீசைக்காரர் ஒருவர் அதைத் தெலுங்கில் மற்றவர்களுக்குச் சொன்னார். அந்தக் கூட்டம் முழுக்க ஆஸ்பத்திரி மதில் முடிகிற வரைக்கும் பம்பைமேல் கையை வைத்துப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல் நடந்துபோனது. அம்மனுக்குக் குறை ஒன்றும் வந்துவிடவில்லை. அந்த மீசைக்காரர் யாரோ எவரோ, எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

கொஞ்சங் கொஞ்சமாக இழுப்பு குறைந்தது. சிஸ்டர் தினமும் ஒரு மரக்குச்சியைப் பல்லுக்கு நடுவில் விட்டு, "நோரு தெரு, நோரு தெரு, இன்னும் கொஞ்சம்" என்பாள். வாயைத் திற என்பதைத்தான் அப்படித் தெலுங்கில் சொல்வாள். முதலில் ஒரு குச்சி நுழைந்தது, பிறகு இரண்டு, பிறகு ஒரு விரல். வாயால் முதலில் குடித்தது தம்பியின் சுடுதண்ணீர்தான். அதைவிட ருசியான ஒன்றை நான் குடித்ததில்லை.

பேச வந்ததும் முதலில் தம்பியிடம் சொன்னேன்: "மு...ரு...கே...சன் இல்ல." அவனுக்குப் புரியவே நேரமானது. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அப்போதுதான் சிஸ்டரும் அன்று நடந்ததைச் சொன்னாள். நான் கண்ணை மூடினதும் பெரிய மாமா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாராம். பிறகு "முருகேசன்" என்றாராம். அவர் சொன்னதை நான் சொன்னதாக எழுதிக்கொண்டார்கள்.

ஹெட் கான்ஸ்டபிளை மறுபடி வரவழைத்தான் தம்பி. இந்தத் தடவை அவர் எங்களுக்காகத் தமிழிலேயே கேட்டார்.

"முருகேசன் இல்லையா? சரி, யாரு?"

"அவனோட அண்ணன்."

"உன் புருஷனும்தானே அவனுக்கு அண்ணன் முறை? பேரைச் சொல்லு."

எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. இந்தத் தடவை பூட்டினது ரணஜன்னி இல்லை. வழக்கப்படி தம்பியைப் பார்த்தேன். அவன் சொல்ல வாயெடுத்தான். கான்ஸ்டபிள் கையைக் காட்டித் தடுத்துவிட்டார்.

"இன்னொருத்தர் சொல்லி எழுதினதாலதான் இந்தக் கதி. இப்ப ரெண்டு வீடும் ரெண்டு பேச்சு பேசுவீங்க. கோர்ட்ல இவங்க வாயால பேரு வரணும். வரலேன்னா பையன் போவான்."

அடுத்த நாளே பெரிய மாமா வந்தார். எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ. தூக்குப்போசியில் கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்திருந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். அவரும் இளைத்துத்தான் போயிருந்தார்.

"கன்னிம்மா, ரெண்டும் எம் புள்ளங்கதான். பெரியவனுக்கு மூணு பசங்க கீது. சின்னவன் ஒண்டிக்கட்ட. ஒருத்தன் உள்ள போயித்தான் ஆவணும்னா எவன் போவணும், நீயே சொல்லு."

தூக்குப்போசியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"கெணறு மொத்தமும் நீயே எடுத்துக்க. அப்பறம் எல்ல மாறப் போவுதுன்றாங்க. இந்த ஊரு எந்த ராஜ்ஜியம்னே தெரியல. கேசு அங்க போயி இங்க போயி ஒண்ணுமில்லாம ஆயிடும். சின்னவன் வந்துடுவான். நீ சும்மா இருந்தா போதும்மா."

"மாமா" என்றேன். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. "ஒங்களுக்கு ரெண்டு புள்ள. எனக்கு ஒரு புருசன். கூழ எடுத்துக்கினு போங்க."

அவர் போனபின் அழுதேன். அவர்மேல் எனக்கு இரக்கமும் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் பேர்? குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, யாருக்கும் கேட்காதபடி சொல்லிப் பார்ப்பேன். முதல் எழுத்து நாக்கு நுனி வரை வரும், நின்றுவிடும். வழக்கம் மட்டும் காரணமில்லை. ஒன்பது வருஷம் அவரோடு வாழ்ந்தேன். ஒரு நாள்கூட அந்தப் பேரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. "இந்தாங்க", "கேக்குதா" இவ்வளவுதான். அவர் கேலி செய்வார்: "ஊரையே பேர் சொல்லித் திட்ற, எம் பேரு மட்டும் ஒன் வாயில வராதா?" கடைசியில் அந்தப் பேரை முதல் தடவையாகச் சொல்வது அவரைக் கொன்றவனுக்காகவா? அதை நினைத்தால் தாடை தானாகவே இறுகிக்கொள்ளும்.

சித்தூர் கோர்ட்டுக்கு பஸ்ஸில் போனோம். டாக்டரம்மா போகுமுன் என்னிடம் ஒன்று சொன்னார்: "புத்தி கலங்கிவிட்டது என்று வக்கீல் கேட்டால் பயப்படாதே. இந்த நோயில் புத்தி கலங்காது. நான் வந்து சொல்கிறேன்." சொன்னபடி வந்தார், சொன்னார்.

கூண்டில் முருகேசன் நின்றிருந்தான். பாதியாக இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டான். காப்பாற்றச் சொல்லி இல்லை, நான் உயிரோடு நிற்கிறேனே என்று. கூட்டத்தில் முன்வரிசையில் பெரிய மாமா உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் மூத்தார், சலவை வேட்டியும் தோளில் துண்டுமாக. தன் தம்பியின் கேசைப் பார்க்க வந்த அண்ணனாம்.

சத்தியம் வாங்கினார்கள். குமாஸ்தா தலை நிமிராமல் கேட்டார்.

"பேரு?"

"கன்னியம்மா."

"புருஷன் பேரு?"

நான் இதை எதிர்பார்க்கவே இல்லை. எல்லா ராத்திரியும் வேறொரு கேள்விக்குத்தான் தயார் செய்துகொண்டிருந்தேன். கோர்ட்டில் முதலில் புருஷன் பேரைத்தான் கேட்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. குமாஸ்தாவுக்கு எங்கள் பக்கத்துப் பெண்களைத் தெரியும்போல. நான் நின்றதும் பேனாவோடு கூட்டத்தைப் பார்த்தார். "யாராவது எடுத்துச் சொல்லுங்கப்பா" என்றார். தம்பி எழுந்தான். பெரிய மாமாவும் எழுந்தார்.

நான் கையைத் தூக்கினேன்.

"யாரும் சொல்ல வாணாம். நானே சொல்றேன்."

தாடை நடுங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் மடையருகில் குனிந்து நின்றது கண்ணுக்குள் வந்தது. அவரைக் கூப்பிடுவதுபோல், அவருக்குக் கேட்கிற மாதிரி, சத்தமாகச் சொன்னேன்.

"தணிகாசலம்."

வாய் சுடவில்லை, இடி விழவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. முதலில் அவருக்குச் சொல்லிவிட்டேன். இனி யாருக்குச் சொன்னால் என்ன?

"உன் புருஷனை அடித்தது யார்?" என்றார் சர்க்கார் வக்கீல்.

"தணிகாசலம்."

குமாஸ்தா நிமிர்ந்தார். கூட்டத்தில் சலசலப்பு. பைத்தியம்தான் என்று யாரோ சொன்னது கேட்டது. ஜட்ஜ் மேசையைத் தட்டிவிட்டு, "செத்தவர் பேரும் அதுதானே அம்மா?" என்றார்.

"ஆமாங்க. தாத்தா பேரு, ரெண்டு பேருக்கும் வெச்சாங்க. செத்தவரு பள்ளத்து வூட்டுத் தணிகாசலம், எம் புருசன். கொன்னவரு மேட்டு வூட்டுத் தணிகாசலம். அதோ, துண்டு போட்டுக்கினு குந்திக்கினு கீறாரே, அவரு. கூண்டுல கீறவன் என்ன வண்டில தூக்கினு வந்தவன்."

மூத்தார் எழுந்து போகப் பார்த்தார். பெரிய மாமாதான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஏன் பிடித்தார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அந்தப் பொண்ணு சொல்றது நெசம்" என்று அவரே எழுந்து சொன்னார்.

அப்புறம் கேஸ் நடந்தது, மூத்தார் ஜெயிலுக்குப் போனார். எல்லையும் பிரித்தார்கள். மலையூர் மதராசுக்குப் போனது, நாங்கள் ஆந்திராவில் நின்றுவிட்டோம். கிணறு இன்னும் பொதுவாகத்தான் இருக்கிறது. மூத்தாரின் பெண்சாதி அவள் முறைக்கு இறைக்கிறாள், நான் என் முறைக்கு இறைக்கிறேன். பேசிக்கொள்வதில்லை. மடையை மட்டும் யாரும் அடைப்பதில்லை.

வருஷா வருஷம் அவர் திதிக்கு முருகேசன்தான் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறான். ஐயர் செத்தவர் பேர் என்ன என்று கேட்டுவிட்டு, வழக்கப்படி முருகேசன் முகத்தைப் பார்ப்பார். முருகேசன் வாயைத் திறக்கவே மாட்டான். திரும்பி என்னைப் பார்ப்பான்.

நான்தான் சொல்வேன். "தணிகாசலம்."